யூதர், பாரசீகர், ஒய் குரோமோசோம்: தந்தைவழி ஒன்றாக இருப்பது என்றால் என்ன?

எச்சிலை ஒரு சின்னக் குழாயில் துப்பித் தபாலில் அனுப்பினால் சில வாரங்களில் டிஎன்ஏ அறிக்கை கைக்கு வந்துவிடுகிறது. ஆண்களுக்கு மட்டும் அதில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: ‘உங்கள் தந்தைவழிக் குழு ஜே2’ என்பதுபோல. தெஹ்ரானில் பிறந்த ஒரு முஸ்லிமுக்கும் டெல் அவிவில் பிறந்த ஒரு யூதருக்கும் இந்த வரி எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே வரலாம். பல பேருக்கு அப்படித்தான் வருகிறது.

இதை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ‘யூதரும் பாரசீகரும் ஒரு தகப்பன் பிள்ளைகள்’ என்று ஒரு தரப்பு நெகிழ்கிறது. ‘ஈரான் யூதர்கள் எல்லாம் மதம் மாறிய பாரசீகர்கள்தான், இதோ சான்று’ என்று இன்னொரு தரப்பு வாதாடுகிறது. இரண்டு தரப்பும் காட்டுவது ஒரே சான்றை. ஆனால் அந்தச் சான்று இரண்டில் எதையும் சொல்லவில்லை. அது சொல்வது இந்த இரண்டையும்விடச் சுவையான விஷயம். அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்: அந்தப் பொது மூதாதை எப்போது வாழ்ந்தார்?

முதலில் அடிப்படை. நம் செல்களில் 23 ஜோடிக் குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றில் 22 ஜோடிகள் ஒவ்வொரு தலைமுறையிலும் கலந்து பிரிகின்றன. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என எல்லோருடைய துண்டுகளும் அவற்றில் விரவிக் கிடக்கும். எது யாரிடமிருந்து வந்தது என்று பத்துத் தலைமுறை பின்னால் போய்ப் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். இதற்கு விதிவிலக்கு ஒய் குரோமோசோம். அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. இரண்டு ஓரங்களில் சிறு பகுதிகள் மட்டும் எக்ஸ் குரோமோசோமோடு மாற்றிக்கொள்ளும். நடுவிலுள்ள மிகப் பெரும் பகுதி எதனோடும் கலப்பதில்லை. சுமார் 6 கோடியே 20 லட்சம் எழுத்துகள் கொண்ட இந்தக் குரோமோசோமை விடுபடாமல் முழுசாகப் படித்து முடித்ததே 2023-இல்தான். ஒரே மாதிரியான வரிசைகள் திரும்பத் திரும்ப வருவதால் அவ்வளவு காலம் பிடித்தது.

கலப்பதில்லை என்றால், மாறுவதே இல்லை என்று பொருளல்ல. ஓலைச்சுவடியைப் படியெடுக்கிறவர் ஓர் இடத்தில் கை தவறினால், அவருடைய படியைப் பார்த்து எழுதப்படும் எல்லாச் சுவடிகளிலும் அந்தப் பிழை அப்படியே தொடரும். பிழைகளை ஒப்பிட்டே எந்தச் சுவடி எந்தச் சுவடியிலிருந்து வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிக்கிறார்கள். ஒய் குரோமோசோமிலும் இதேதான் நடக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறுகிறது. அந்த ஆணின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரும் அந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள். ஒரே மாற்றத்தைச் சுமக்கும் ஆண்கள் அத்தனை பேரும் ஒரே ஓர் ஆணின் வழி வந்தவர்கள்.

இந்த மாற்றங்கள் ஏறக்குறைய சீரான வேகத்தில் சேர்வதால், காலத்தையும் கணக்கிட முடிகிறது. தெளிவாகப் படிக்கக்கூடிய பகுதி தோராயமாக ஒரு கோடி எழுத்து என்று வைத்துக்கொண்டால், 100 முதல் 150 ஆண்டுகளுக்கு ஒரு புது மாற்றம் சேர்கிறது. இரண்டு ஆண்களை எடுத்துக்கொள்வோம். பொது மூதாதையிடமிருந்து பிரிந்த பிறகு ஒவ்வொருவர் வழியிலும் தனித்தனியே 20 மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன என்றால், அந்த மூதாதை ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். 200 மாற்றங்கள் என்றால் 25,000 ஆண்டுகள். கணக்கு ஓரளவு முன்பின் ஆகலாம். ஆனாலும் வெண்கலக் காலமா, பனியுகமா என்ற குழப்பம் இதில் வராது.

ஜே, ஆர், இ, ஜி என்ற எழுத்துகள் எல்லாம் இப்படிப்பட்ட பெரிய கிளைகளுக்கு வைத்த பெயர்கள். ஹாப்லோகுழு என்று சொல்வார்கள். ஜே என்பது ஜே1, ஜே2 என்று இரண்டாகப் பிரிகிறது. அவை மறுபடி மறுபடி கிளைத்துக்கொண்டே போகின்றன. கிளையின் பெயர் எவ்வளவு சுருக்கமோ, மூதாதை அவ்வளவு தூரத்தில் இருக்கிறார். ஜே1-க்கும் ஜே2-க்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் ஆகின்றன. ஜே2-க்குள்ளேயே இருக்கும் இரண்டு பேருக்குக்கூட 25,000 ஆண்டு இடைவெளி இருக்கலாம். தென்னிந்தியாவிலும், தமிழ்ச் சமூகங்கள் சிலவற்றிலும்கூட, ஜே2 கணிசமாக இருக்கிறது. அறிக்கையில் ‘ஜே2’ என்று மட்டும் இருந்தால், அதிலிருந்து தெரிவது பனியுகத்தில் எங்கோ வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டுமே. நாடு, மொழி, மதம் எதையும் அந்த எழுத்திலிருந்து எடுக்க முடியாது.

சரி, யூதர்கள் விஷயத்தில் மட்டும் இந்தத் தந்தைவழி ஆய்வு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? அதற்குக் காரணம் அவர்களுடைய மரபிலேயே இருக்கிறது. ஒருவர் யூதரா இல்லையா என்பதை யூதச் சட்டம் தாயை வைத்து முடிவு செய்கிறது. ஆனால் ஆசாரியப் பரம்பரையான கோஹேன், ஆலய ஊழியம் செய்த லேவி ஆகிய இரண்டு தகுதிகளும் தந்தை வழியாகவே வருகின்றன. கோஹேன்கள் மோசேயின் அண்ணன் ஆரோனின் வழி வந்தவர்கள் என்பது நம்பிக்கை. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் பட்டமும், தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் குரோமோசோமும் ஒரே பாதையில் போகின்றன. மரபியலாளர் ஒருவருக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் அமைவது அபூர்வம்.

அந்தச் சோதனையைத் தொடங்கியவர் கார்ல் ஸ்கோரெக்கி என்ற சிறுநீரக மருத்துவர். அவர் அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய யூதப் பின்னணி கொண்ட ஒரு கோஹேன். ஒரு நாள் ஜெபக்கூடத்தில் தோரா வாசிப்புக்கு இன்னொரு கோஹேனை அழைத்தார்கள். அவர் செபார்டி, அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூத மரபைச் சேர்ந்தவர். தோற்றத்தில் இருவருக்கும் ஒற்றுமையே இல்லை. இருவரும் ஒரே ஆணின் வழிவந்தவர்கள் என்றால், ஒய் குரோமோசோமில் அது தெரிய வேண்டுமே என்று ஸ்கோரெக்கிக்குத் தோன்றியது. 1997-இல் ‘நேச்சர்’ இதழில் முதல் முடிவு வெளியானது. கோஹேன்களின் ஒய் குரோமோசோம்கள், மற்ற யூதர்களோடு ஒப்பிடும்போது, ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தன. அஷ்கெனாசி, செபார்டி வேறுபாடு அதைக் குலைக்கவில்லை.

அந்தக் காலத்துச் சோதனைகள் மேலோட்டமானவை. குரோமோசோமில் ஐந்தாறு இடங்களை, அதாவது அடையாளங்களை மட்டும் பார்த்து ‘கோஹேன் வகை’ என்று ஒன்றை வகுத்தார்கள். அதே வகை குர்துகள் உட்பட மத்தியக் கிழக்கின் பிற மக்களிடமும் இருப்பது பிறகு தெரியவந்தது. உடனே ‘காணாமற்போன இஸ்ரவேல் கோத்திரம் இதுதான்’ என்று பலரும் கிளம்பினார்கள். 2009-இல் 215 கோஹேன்களை வைத்து இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தபோது படம் தெளிந்தது. அவர்களில் 46 சதவீதம் பேர் ஜே1-இன் பி58 என்ற கிளை. அதற்கு அடுத்து 14 சதவீதம் பேர் ஜே2-இன் எம்410 கிளை. மீதிப் பேர் வேறு வேறு கிளைகள். ஆக, ஆசாரியப் பரம்பரை ஒரே ஓர் ஆணிடமிருந்து வரவில்லை. ஆனால் ஒரு பெரிய கிளை சுமார் 3,000 ஆண்டுப் பழமையோடு அதில் ஓடுகிறது.

இந்த இரண்டு கிளைகளில்தான் நம் பாரசீகக் கதைக்கான நூல் இருக்கிறது.

ஜே1-பி58 அரேபியத் தீபகற்பத்திலும் அதைச் சுற்றிய நிலங்களிலும் செறிந்திருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தில் யூதர்களின் நெருங்கிய தந்தைவழி உறவினர்கள் அரபு மக்கள். ஜே2-எம்410 வேறு மாதிரி. அது ஈரான், காகசஸ், அனதோலியா (இன்றைய துருக்கி), மத்தியதரைக் கடலோரம் என்று வடக்குப் பக்கமாக விரிகிறது. ஈரானில் பல இனக்குழுக்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஜே பெருங்குழுவே முதலிடத்தில் வருகிறது. பத்தில் மூன்று ஆண்கள் அளவுக்கு. யூதர்களிடமும் ஏறக்குறைய அதே அளவு, சில சமூகங்களில் கொஞ்சம் கூடுதல். 2001-இல் வந்த ஒரு ஆய்வு யூதர்களின் ஒய் குரோமோசோம்களை அண்டை மக்களோடு ஒப்பிட்டு, அரபு அண்டையினரைவிடக் குர்துகள், துருக்கியர், ஆர்மீனியர் போன்ற வடக்கத்தி மக்களோடு அவர்கள் நெருக்கமாக இருக்கிறார்கள் என்று சொன்னபோது பலரும் வியந்தார்கள். எபிரேயம் அரபுக்கு நெருங்கிய மொழி. ஆனால் தந்தைவழி பார்த்தால் ஈரானிய மொழி பேசும் குர்துகள் பக்கத்தில் நிற்கிறார்கள். மொழியும் குரோமோசோமும் ஒரே வண்டியில் பயணம் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த நெருக்கம் எங்கிருந்து வந்தது? நம் கேள்வியை இங்கே கேட்போம்: எப்போது?

இன்றைய மக்களை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பழைய எலும்புகள் வேண்டும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை கிடைக்கத் தொடங்கின. ஜார்ஜியா நாட்டுக் குகை ஒன்றில் 13,000 ஆண்டுகளுக்கு முன் புதைந்த ஒரு ஆண்: ஜே1. அதே நாட்டின் இன்னொரு குகையில் சுமார் 9,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ஆண்: ஜே2. இரண்டுமே காகசஸ் மலையடிவாரம். அதே காலத்து இஸ்ரேல், ஜோர்டான் பகுதி எலும்புகளைப் பார்த்தால் நிலைமை வேறு. உழவு தொடங்குவதற்குச் சற்று முன் அங்கே வாழ்ந்த நத்தூபியர்களிடம் இ குழு இருக்கிறது. அவர்களுக்குப் பின் வந்த முதல் உழவர்களிடமும் இ, டி போன்றவை இருக்கின்றன. ஜே தென்படவில்லை.

வெண்கலக் காலத்துக்கு வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. லெபனானின் சீதோன் நகரில் சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட கானானியர் ஐவரின் டிஎன்ஏவை 2017-இல் படித்தார்கள். அவர்களில் ஆண்கள் இருவர். ஒருவர் ஜே1, ஒருவர் ஜே2. 2020-இல் இஸ்ரேலின் மெகித்தோ, ஹாசோர் உள்ளிட்ட இடங்களிலிருந்து 73 பேரின் டிஎன்ஏவை ஆராய்ந்த பெரிய ஆய்வு வந்தது. அங்கும் அதே செய்தி: முன்பு அந்த நிலத்தில் இல்லாத ஒரு மரபு, ஈரானின் ஜாக்ரோஸ் மலைகளையும் காகசஸையும் சார்ந்த மரபு, வெண்கலக் காலம் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்திருக்கிறது. கானானியர் என்பவர்கள் உள்ளூர் உழவர்களும் வடகிழக்கிலிருந்து வந்தவர்களும் கலந்து உருவான மக்கள். பண்டைய இஸ்ரவேலர் அந்த நிலத்தில், அந்த மக்களுக்குள்ளிருந்து எழுந்தவர்கள் என்றே தொல்லியலாளர்கள் பலரும் கருதுகிறார்கள்.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘இஸ்ரவேல்’ என்ற பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவது எகிப்திய அரசன் மெர்னெப்தாவின் கல்வெட்டில், கி.மு. 1208 வாக்கில். பாரசீகரோடு தொடர்புபடுத்தப்படும் ‘பர்சுவா’ என்ற பெயர் அசீரியக் குறிப்புகளில் வருவது கி.மு. 9-ஆம் நூற்றாண்டில். ஜாக்ரோஸ், காகசஸ் பக்கத்திலிருந்து மனிதர்கள் மத்தியதரைக் கடலோரம் வந்து சேர்ந்தது இந்த இரண்டுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தையது. அப்போது யூதரும் இல்லை, பாரசீகரும் இல்லை. ஈரானிய மொழி பேசுகிறவர்கள் அந்தப் பீடபூமிக்கு வந்து, ஏற்கெனவே அங்கிருந்த மலைவாழ் மக்களோடு கலந்த பிறகுதான் பாரசீகர் என்ற மக்கள் உருவானார்கள். அந்த மலைவாழ் மக்களின் தந்தைவழிகள் பாரசீகருக்குள்ளும் போயின. அவர்களுடைய உறவினர் சிலரின் வழிகள் அதற்கு முன்பே மேற்கே போய்க் கானானில் கலந்திருந்தன.

யூதருக்கும் பாரசீகருக்கும் பொதுவான ஜே கிளைகளில் பெரும்பகுதியின் கதை இதுதான். ஒருவர் இன்னொருவரிடமிருந்து வரவில்லை. இருவருக்கும் முந்தைய ஒரு பழைய மேற்காசிய மக்கள்தொகையிலிருந்து இருவரும் பங்கு பெற்றிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ‘மதம் மாறிய பாரசீகர்’ என்ற வாதம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கானானில் இருந்த ஒரு கிளையைக் காட்டி, அது ஈரானில் மதமாற்றம் மூலம் வந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆனால் பிற்காலத் தொடர்பே கிடையாது என்றும் நினைத்துவிட வேண்டாம். வரலாறு வேறு சொல்கிறது. கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் வடக்கு இஸ்ரவேலைப் பிடித்தபோது சிறைப்பட்டவர்களை ‘மேதியரின் பட்டணங்களில்’ குடியேற்றினார்கள் என்று விவிலியம் சொல்கிறது. மேதியா என்பது இன்றைய வடமேற்கு ஈரான். கி.மு. 586-இல் எருசலேம் விழுந்து, யூதாவின் மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கி.மு. 539-இல் பாரசீக அரசர் சைரஸ் (தமிழ் விவிலியத்தில் கோரேஸ்) பாபிலோனைப் பிடித்து, அவர்கள் ஊர் திரும்ப அனுமதித்தார். எல்லோரும் திரும்பவில்லை. தங்கிவிட்டவர்கள் பாபிலோனியாவிலும் சூசாவிலும் ஹமதானிலும் பின்னாளில் இஸ்பஹானிலும் வேரூன்றினார்கள். யூதச் சட்ட விளக்கங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் தொகுக்கப்பட்டதே சாசானியப் பாரசீகரின் ஆட்சியில்தான். எபிரேய எழுத்தில் பாரசீக மொழியை எழுதும் யூத-பாரசீக வழக்கும் வளர்ந்தது. ஹமதானில் விவிலியத்தின் எஸ்தர், மொர்தெகாய் ஆகியோருடையது என்று போற்றப்படும் கல்லறைக்கு யூதர்கள் காலங்காலமாகப் போய் வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு நீண்ட காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தவர்களிடையே போக்குவரத்து இருந்திருக்கும். எஸ்தர் புத்தகமே, பாரசீகப் பேரரசின் ‘தேசத்து மக்களில் அநேகர் யூதரானார்கள்’ என்கிறது. அப்படிச் சேர்ந்த ஆண்களின் ஒய் குரோமோசோமும் சேர்ந்திருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியிலிருந்து பெண்கள் மணம் முடித்து வந்தால் ஒய் குரோமோசோமில் அதற்கு எந்தத் தடயமும் இருக்காது. ஆண்கள் சேர்ந்தால் மட்டுமே தெரியும். பாரசீகர் பக்கத்திலேயே இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது: ஈரானிலிருந்து வந்து இந்தியாவில் குடியேறிய பார்சிகள். அவர்களுடைய தந்தைவழி பெரும்பாலும் ஈரானியம். தாய்வழியைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் பாதிக்கும் மேல் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. ஒய்யை மட்டும் பார்த்தவர், கப்பலேறி வந்து குஜராத்தில் கலந்த கதையில் பாதியைத் தவறவிட்டிருப்பார்.

அடுத்ததாக, இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த துப்பறியும் கதை. லேவியர்களின் கதை.

கோஹேன்களைப் போலவே லேவியர்களையும் சோதித்தார்கள். 2003-இல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. அஷ்கெனாசி லேவியர்களில் பாதிப் பேர் ஆர்1ஏ. இது மத்தியக் கிழக்கில் அவ்வளவாகப் பேசப்படாத கிளை. கிழக்கு ஐரோப்பாவில்தான் மிகுதி. போலந்து, உக்ரைன், ரஷ்யா எங்கும் ஆர்1ஏ நிறைந்து கிடக்கிறது. அதனால் யாரோ ஒரு ஸ்லாவிய ஆணோ, யூத மதத்தைத் தழுவியதாகச் சொல்லப்படும் கசார் நாட்டு ஆணோ லேவியர் கூட்டத்தில் நுழைந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அன்றைக்கு இருந்த கருவிகளுக்கு அது நியாயமான ஊகம்தான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2013-இல், ஒய் குரோமோசோமைச் சில அடையாளங்களோடு நிறுத்தாமல் நீளமாகப் படிக்கும் வசதி வந்துவிட்டது. 16 ஆண்களின் குரோமோசோம்களைப் படித்து ஒப்பிட்டபோது, அஷ்கெனாசி லேவியர்களின் கிளையை அடையாளம் காட்டும் 19 எழுத்து மாற்றங்கள் அகப்பட்டன. அவற்றில் எம்582 என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு, 2,834 ஆர்1ஏ ஆண்களிடம் அது இருக்கிறதா என்று தேடினார்கள். கிழக்கு ஐரோப்பியர் 922 பேரில் ஒருவரிடமும் இல்லை! ஒரே ஒருவரிடம்கூட இல்லை. சோதித்த ஆர்1ஏ லேவியர் எல்லோரிடமும் இருந்தது. மேற்காசியாவின் 303 ஆர்1ஏ ஆண்களில் 5.9 சதவீதம் பேரிடம் இருந்தது. ஈரானின் கெர்மான் பகுதிக்காரர்கள், ஈரானிய அசேரிகள், குர்துகள் ஆகியோர் அதில் அடக்கம்.

ஐரோப்பாவில் இருப்பது ஆர்1ஏவின் ஒரு கிளை. ஈரானிலும் இந்தியாவிலும் பரவியிருப்பது இசட்93 என்ற இன்னொரு கிளை. லேவியர்களுடையது இசட்93 பக்கம். பிரிவு நடந்து ஐந்தாயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும். மேலோட்டமான அடையாளம் ‘ஐரோப்பா’ என்று கைகாட்டிய இடத்தில், ஆழமான அடையாளம் ஈரானையும் குர்து மலைகளையும் நோக்கித் திரும்பிவிட்டது.

இதில் ஒரு விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எம்582 உள்ள லேவியர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். மேற்காசியாவில் அது உள்ளவர்கள் கொஞ்சம் பேர். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் லேவியர்களிடம்தான் அது பிறந்தது என்று தோன்றும். ஆனால் லேவியர்களின் குரோமோசோம்கள் ஒன்றுக்கொன்று அச்சடித்தாற்போல் இருக்கின்றன. மேற்காசிய ஆண்களுடையவை ஒன்றுக்கொன்று நிறைய வேறுபடுகின்றன. வேறுபாடு சேரக் காலம் வேண்டும். அதனால் கிளை பழமையாக இருப்பது மேற்காசியாவில். லேவியர்களுடையது அதிலிருந்து கிளம்பி, பிற்பாடு சட்டென்று பெருகிய ஒரு சிறு கிளை. ஒரு கிளையின் ஊரைத் தேடுகிறவர்கள் கூட்டம் எங்கே அதிகம் என்று பார்க்கக் கூடாது, வேறுபாடு எங்கே அதிகம் என்று பார்க்க வேண்டும். இந்தத் துறையில் இதைவிடப் பயனுள்ள விதி இல்லை.

2017-இல் 486 ஒய் குரோமோசோம்களை வைத்துக் காலத்தையும் கணக்கிட்டார்கள். உலகில் தம்மை அஷ்கெனாசி லேவியர் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சுமார் 1,750 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு மனிதரின் வழியினர். அந்த மனிதருக்கும், எம்582 உடைய ஈரானிய ஆண்களுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது இன்றைக்கு 3,000 ஆண்டுகளுக்கும் முன்னால்.

மறுபடியும் தேதியைப் பாருங்கள். சைரஸ் பாபிலோனைப் பிடித்து 2,560 ஆண்டுகள் ஆகின்றன. பொது மூதாதை அதற்கும் முந்தியவர். ஆகவே கெர்மானைச் சேர்ந்த ஓர் ஈரானியருக்கும் வார்சாவில் பூர்விகம் கொண்ட ஒரு லேவியருக்கும் தந்தைவழி உறவு உண்டு என்பது உறுதி. அந்த உறவு சைரஸ் காலத்துக்கு முன்பே பிரிந்த உறவு என்பதும் ஓரளவு உறுதி. அந்த ஒரு வழி எந்தத் தலைமுறையில் யூதர்களிடம் வந்து சேர்ந்தது என்பதற்கு வாசல் இரண்டு. எருசலேம் விழும் முன்பே அது எபிரேயரிடையே இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் சாய்வது இந்தப் பக்கம். பாபிலோனிலோ பாரசீகத்திலோ வாழ்ந்த நூற்றாண்டுகளில் வந்திருக்கவும் கணக்கில் இடம் இருக்கிறது.

அப்புறம், ஒய்யின் எல்லை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். அவற்றில் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் ஒய் பேசுகிறது. மீதி 1,023 பேரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இருபது தலைமுறை என்றால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒன்று. ஒருவருடைய ஒய் கிளையை வைத்து ‘நீங்கள் இன்னார்’ என்று முடிவு கட்டுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இந்த எண் போதும்.

முழு மரபணுத் தொகுதியையும் பார்க்கும் ஆய்வுகள் இருக்கின்றன. 2010-இல் வந்த அப்படிப்பட்ட ஒன்று ஈரான், ஈராக் யூதர்களை ஐரோப்பிய, சிரிய யூதர்களோடு ஒப்பிட்டது. இந்த இரண்டு பிரிவுகளும் 100 முதல் 150 தலைமுறைகளுக்கு முன் பிரிந்தன என்று கணக்கு வந்தது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் 2,500 ஆண்டு அல்லது அதற்கு மேல். பாபிலோன் சிறையிருப்பு நினைவுக்கு வராமல் போகாது. ஈரான் யூதர்களும் ஈராக் யூதர்களும் ஒருவருக்கொருவர் மிக நெருங்கி, தங்களுக்குள்ளேயே நீண்ட காலம் மணம் முடித்த சமூகங்களாகத் தெரிகிறார்கள். அந்த அகமணத்தின் அடையாளம் மருத்துவத்திலும் உண்டு. ஜிஎன்இ என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தால் வரும் தசைநோய் ஈரான் யூதர்களிடம் உலகில் வேறெங்கும் காண முடியாத அளவுக்கு அதிகம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் நோய் வரும். அதைத் தேடும் மருத்துவர் ஒய் குரோமோசோமைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திருமணத்துக்கு முன் பரிசோதனை செய்துகொள்ள நினைக்கும் குடும்பங்களுக்கு ஜே2வா ஆர்1ஏவா என்பதால் ஒரு பயனும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், தந்தைவழி அறிக்கையைப் பார்த்து உடல்நலத்தைப் பற்றி முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

யாராவது ‘எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தந்தைவழி’ என்று அறிக்கையைக் காட்டினால், முதலில் கிளையின் முழுப் பெயரைக் கேளுங்கள். ஜே2 என்று நின்றுவிட்டால் அதில் பேச ஒன்றும் இல்லை. எம்582 போல ஆழமான பெயர் இருந்தால், அந்தக் கிளையின் பொது மூதாதைக்கு எவ்வளவு வயது கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய சோதனைகளில் வரும் குறும்பட்டியல், அதாவது ஒரு சிறு வரிசை எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணிய 12 அல்லது 25 எண்கள் ஒத்துப்போவது, தற்செயலாகவும் நிகழும். வேறு வேறு கிளைகளில் ஒரே எண் தனித்தனியே தோன்றிவிடும். நீளமாகப் படித்த சோதனை என்றால் நம்பலாம்.

ஈரான் பக்கத்தில் இன்னும் நிரம்பாத இடம் பழைய எலும்புகள். யூதச் சட்டம் இறந்தோரைத் தொந்தரவு செய்வதை விரும்புவதில்லை. அதனால் யூதக் கல்லறைகளிலிருந்து டிஎன்ஏ கிடைப்பது அரிது. ஆனாலும் வழி இருக்கிறது என்று ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரம் காட்டியது. அங்கே ஒரு பழைய தானியக் கிடங்கைக் கார் நிறுத்துமிடமாக மாற்றும்போது, அடியில் இடைக்கால யூத இடுகாடு இருந்தது தெரியவந்தது. உள்ளூர் யூதச் சமூகத்தின் சம்மதத்தோடு, தாடையிலிருந்து தானாகக் கழன்றிருந்த பற்களை மட்டும் எடுத்து 33 பேரின் டிஎன்ஏவைப் படித்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளியாயின. இதே போன்ற ஏற்பாடு ஹமதானிலோ இஸ்பஹானிலோ என்றாவது நடந்து, ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய ஒரு பல்லில் எம்582 இருக்கிறதா என்று பார்க்க முடிந்தால், லேவியர் கதையின் இரண்டு வாசல்களில் எது திறந்தது என்பதைப் பற்றி இன்றைவிட உறுதியாகப் பேசலாம்.